முற்றுக்கு முன்

புளியரைச் சோதனைச்சாவடிக்கு அரை மைல் கிழக்கே
எடைமேடை.
ஐப்பசி பதினொன்று, இரவு இரண்டே கால்.
கோட்டைவாசல் பக்கம் விழுந்த இடியில்
கரண்ட் போனது.
பேட்டரி அதற்கு முந்தைய வாரமே போயிருந்தது.

மறுபடி எழுந்த கணினியில்
ஒரே ஒரு சீட்டு மட்டும் கோணலாய் நின்றது.
எண் 40817.
நிலை: முடிந்தது.
எடை இருக்க வேண்டிய இடத்தில்
போன மாதம் அழித்த ஏதோ ஒரு வைக்கோல் வண்டியின்
மூன்று டன் இருநூறு.

எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் மூன்று டன்னாம்.
டிரைவர் அசன்கனி சிரித்தார்.
புனலூரிலிருந்து போனில் பேசிய சஜீவன் சிரிக்கவில்லை.

நான் போனது காலை ஏழுக்கு.
மேடையில் வேலை பார்க்கும் செண்பகவல்லி
நான் உட்காருமுன்பே சொன்னாள்:
முதல்ல எடை, அப்புறம்தான் முடிந்தது.
அந்த வரிசையிலதான் அடிச்சேன்.
அடித்திருந்தாள். பார்த்தேன்.
என் நிரலும் அந்த வரிசையில்தான் அனுப்பியிருந்தது.

தவறு இன்னும் கீழே.
அங்கே ஒருவன் இருக்கிறான்,
பெயரில்லை, சம்பளமில்லை.
வருகிற எழுத்துகளை வந்தபடி விடமாட்டான்.
தட்டின் மேல் அலையும் முனைக்கு
எது பக்கமோ அதை முன்னால் தள்ளுவான்.
தென்மலை போகிற வழியில்தானே ஆரியங்காவு,
இறக்கிவிட்டே போவோம் என்கிற கணக்கு.
கெட்ட கணக்கென்று சொல்லமாட்டேன்,
பகலில் ஐம்பது லாரி நகர்வது அவனால்தான்.

அவனுக்கும் கீழே வட்டு.
கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே
போட்டாச்சு என்று சொல்கிற ஆள் அது.

அன்றைக்கு
‘முடிந்தது’ பக்கத்தில் இருந்தது.
எடை தூரத்தில் இருந்தது.
நடுவில் இடி.

நிரலின் அந்த இடத்தை
வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
எடை போட்டு, எழுதி, முடித்தேன்.
போட்டு என்றால் போட்டாகிவிட்டது.
எழுதி என்றால் எழுதியாகிவிட்டது.
எச்சங்கள் ஒன்றன் முதுகை ஒன்று பிடித்து நிற்க
முற்று கடைசியில் வரும்.
வட்டில் முற்று மட்டும் வந்துவிட்டது.
எச்சம் வழியில் செத்தது.

ஒரு வரி சேர்த்தேன். தடுப்பு.
இதற்கு முன் வந்தவை தங்களுக்குள்
எப்படி முண்டியடித்தாலும் எனக்குக் கவலையில்லை,
அத்தனையும் தட்டில் பதியும்வரை
இதற்குப் பின் ஒன்றும் நகரக்கூடாது.
வட்டுக்குத் தனியாக:
வாயால் சொல்லாதே, பையைத் திருப்பிக் காட்டு.

மேடை காலியாக இருந்த மதியம்
பிளக்கைப் பிடுங்கும் வேலையைச் செண்பகவல்லி கேட்டு வாங்கினாள்.
இருபத்தேழு முறை.
அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.
நான்கு சீட்டுகள் அடியோடு காணாமல் போயின.
அரைகுறையாய் ஒன்றும் இல்லை.
வராத வண்டியை மறுபடி எடை போடலாம்,
வந்து போனதாய்ச் சாதிக்கும் வண்டியை
எங்கே நிறுத்துவது?

மெதுவாயிருக்கே என்றார் முதலாளி.
ஆமாம் என்றேன்.
சீட்டுக்கு ஒரு கண்சிமிட்டல்.
வெளியே எவனோ ஹாரன் அடித்தான்.

40817-ஐ அன்று காலையிலேயே மறுபடி ஏற்றியிருந்தார்கள்.
இருபத்து நான்கு டன் ஐந்நூற்றுப் பத்து.
ஆனால் விடிய விடிய மழை.
தார்ப்பாயின் கிழிசலில் குடித்த தண்ணீரும்
அந்தக் கணக்கில் சேர்த்தி.
தண்ணிக்கு ஞான் எந்தினு காசு கொடுக்கணும்?
போனிலேயே கேட்டார் சஜீவன்.
நியாயம்தான்.

இரவு மேடை காட்டிய எடை
எந்தத் தட்டிலும் இல்லை.
செண்பகவல்லி கண்ணை மூடி யோசித்தாள்.
இருபத்து நாலு, சார்.
இருபத்து நாலே
சொச்சம்.